விரலை எடுக்காதவள்

கேக் கடைக்காரிக்கு விரல் நின்றுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. விரல் நின்றுபோய்விட்டது என்றதும் கையில் ஏதோ வாதம் வந்துவிட்டது என்று யாரும் 'ஐயோ பாவம்' போட வேண்டாம். கடையில் அதே வலது கை க்ரீம் பையைப் பிடித்தால் ரோஜாவாகக் கொட்டும். யார் பெயரைச் சொன்னாலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் கேக்கின் மேல் எழுதும். அந்தக் கையின் ஆள்காட்டி விரல் அடம் பிடிப்பது ஒரே இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை, காற்றுத் துப்பாக்கி கிளப்பில், குறி வட்டத்துக்கு நடுவே வந்து அசையாமல் உட்கார்ந்து, 'இதோ, இப்போது' என்று மனசு சொல்லும் நொடியில், விரல் விசையை அழுத்த மாட்டேன் என்றுவிடும்.

அழுத்து, அழுத்து என்று உள்ளுக்குள் கெஞ்சுவாள். திட்டுவாள். மூச்சு முட்டும், தோள் வலிக்கும், துப்பாக்கி ஆட ஆரம்பிக்கும். அப்போது பார்த்து விரல் வெடுக்கென்று இழுக்கும். குண்டு அட்டையின் ஓரத்தில் எங்கேயோ போய் ஓட்டை போடும். போன வருஷ லீக்கின் கடைசிக் குண்டில் ஆரம்பித்த கோளாறு இது. அன்றைக்கு இழுக்கக்கூட இல்லை. நேரம் முடிந்து மணி அடித்தபோது குண்டு துப்பாக்கிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

கிளப்பிலேயே நன்றாகச் சுடுகிறவள் என்று பேர் வாங்கியவள் இப்படி ஆனதும் எல்லோரும் அவளிடம் மெதுவான குரலில் பேசத் தொடங்கினார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கேலி பண்ணினால் திருப்பிக் கொடுக்கலாம். பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது? "ரெண்டு மாசம் ஓய்வெடுங்களேன்" என்று அக்கறையாகச் சொன்ன, கிளப்பில் கூடச் சுடுகிற பல் டாக்டரை, அவர் சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வையிலேயே பார்த்துவிட்டு வந்தாள்.

துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அவள் தம்பிதான் வழி கண்டுபிடித்தான். ஒரு நாள் கேக் கடைக்கு வந்து, உடைந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ரிலீஸ் டிரிக்கர் என்று ஒன்று இருக்கிறது, உன் துப்பாக்கிக்குப் பொருத்தித் தரட்டுமா என்று கேட்டான். சாதாரணத் துப்பாக்கியில் விசையை அழுத்தினால் குண்டு போகும். இதில் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அழுத்திப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குறி பார்க்கலாம். பிடித்த விரலை விடும்போதுதான் குண்டு போகும். அழுத்தும்போது ஒன்றும் நடக்காது என்று தெரிந்துவிட்டால் விரலுக்குப் பயம் போய்விடும், வெடுக்கென்று இழுக்கிற பேச்சே இல்லை என்றான். நாடு நாடாக நடக்கிற பெரிய போட்டிகளில் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் பக்கத்துக் கிளப்புகள் சேர்ந்து நடத்துகிற இந்தச் சின்ன லீக்கில், அந்தந்தக் கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் சரி என்றால் சரி.

அவளுக்கு அது உடனே புரிந்துவிட்டது. க்ரீம் பையை அழுத்துவது யாருக்கும் வரும். எந்த இடத்தில் அழுத்தத்தை விட வேண்டும் என்று தெரியாதவர்கள் போட்ட ரோஜாவுக்கு வால் முளைக்கும். அவள் கை ஆயுசு முழுக்கப் பழகியது விடுவதைத்தான். "பொருத்துடா, இன்னிக்கே பொருத்து" என்று தம்பியை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்தப் பாதுகாப்புப் பொறுப்பாளர் அவள் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயில் ஓட்டுநர். கிளப்பில் அவருக்கு 'சிக்னல்' என்று பெயர். வாரம் முழுக்க ரயிலின் முன்னறையில் தனியாக உட்கார்ந்து போகிற மனுஷர், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வீட்டில் ஆள் உண்டு, கேட்கத்தான் நாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, "குண்டு போடு" என்றால் எல்லோரும் குண்டு போடுவார்கள், "நிறுத்து, விரலை எடு" என்றால் எல்லோரும் விரலை எடுப்பார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேர் தன் சொல்லைக் கேட்பதில் அவருக்கு ஒரு சுகம். அதை அவர் மறைத்ததும் இல்லை. விசிலைச் சனிக்கிழமையே துடைத்து வைத்துவிடுவார். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை, அதுவும் உண்மை. சும்மா சொல்லக்கூடாது, வேலையில் மனுஷர் கெட்டி.

ரிலீஸ் டிரிக்கர் என்ற பேச்சை எடுத்ததும் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். ரயிலில் ஒரு கைப்பிடி இருக்கிறது. ஓட்டுநர் அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ரயில் ஓடும். அவருக்கு மயக்கம் வந்தாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும், கை விட்டுப்போகும். கை விட்டதும் ரயில் தானாக நின்றுவிடும். கையை விட்டால் நிற்க வேண்டும், அதுதான் எந்திரம். கையை விட்டால் வெடிப்பதற்குப் பெயர் எந்திரமா, சனியனா என்று கேட்டார்.

தினமும் இதே பேச்சுத்தான். மற்றவர்கள் தெரியாமல் எடுத்துவிட்டால் என்பார். கட்டையில் சிவப்பு நாடா சுற்றிவிடுகிறேன், என் துப்பாக்கியை எவன் தொடுவான் என்பாள். பிடித்துப் பிடித்து விரல் சோர்ந்துபோனால் என்பார். மாவு பிசைகிற கை சோர்ந்ததை எப்போது பார்த்தீர்கள் என்பாள். உன் தம்பி கடையில் சுவர்க் கடிகாரம் எங்கே போயிற்று, அதைச் சொல் என்பார். அந்த இடத்தில் மட்டும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். தம்பி அந்த விசையைக் கடையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்திருக்கிறது. பழக்க தோஷத்தில் விரலை எடுத்துவிட்டுப் போனை எடுக்கப் போயிருக்கிறான். கடிகாரத்தின் கண்ணாடி தூள்.

"நடுவுல வேண்டாம்னு தோணினா என்ன பண்ணுவே?" என்று ஒரு நாள் அவர் நிதானமாகவே கேட்டார். அவள் எழுந்து போய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்து, குண்டு இல்லாமல் செய்து காட்டினாள். விரலை விடாமல் துப்பாக்கியை எதிரே நிற்கும் தாங்கியில் சாய்க்க வேண்டும். இடது கையால் வலப்பக்கத்தில் இருக்கும் லீவரைத் திறக்க வேண்டும். லீவர் திறந்துவிட்டால் காற்று குண்டைத் தள்ளாது. அதற்குப் பிறகு விரலை விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, இதெல்லாம் வீட்டில் சரி, நான் 'விரலை எடு' என்று கத்தும்போது உன் விரல் யோசிக்காது, எடுத்துவிடும் என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க பேச்சைக் கேட்டு நான் எதை எடுத்திருக்கேன்?"

மனுஷருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு கொஞ்ச நாள் பழகிப் பார்க்கச் சம்மதித்தார். லீக்குக்குப் பெயர் கொடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பயிற்சி ஆட்டம் முடிந்ததும் தன் முடிவைச் சொல்வதாகப் பேச்சு. அவளுக்காகக் கட்டளையும் மாறியது. ஏதாவது ஆபத்து என்றால் இனிமேல் "பிடி" என்று கத்துவார். மற்றவர்கள் விரலை எடுக்க வேண்டும், அவள் மட்டும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். குளியலறையிலிருந்து "பிடி, பிடி" என்று அவர் பழகுகிற சத்தம் காலையில் கேட்கும்.

அவள் விரலோ, ஒரு வருஷ அடத்தை ஒரே வாரத்தில் விட்டுவிட்டது. அழுத்துவாள், குறி உட்காரும், மூச்சோடு சேர்த்து விரலைத் தளர்த்துவாள், குண்டு நடுவில் போய் விழும். முதல் நாள் அட்டை கம்பியில் ஓடி அருகே வந்தபோது, நடுவில் இருந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்து அவள் அழுதேவிட்டாள். இதைப் பிடுங்கிவிட்டால் தன்னால் மறுபடி பழைய விசைக்குப் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும். தம்பியைக் கூப்பிட்டு, உன் மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே இந்தத் துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடு, மூலையில் அது நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று சொல்லிவைத்தாள். சொல்லும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தம்பிக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நல்ல மழை. கிளப் நடப்பது டயர் கடைக்குப் பின்னால், முன்பு அச்சகமாக இருந்த ஒரு நீளக் கூடத்தில். கூரை ஒழுகும். குறி அட்டைகள் தொங்குகிற கோடியில், விளக்குகளுக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்ததும், சிக்னல் அந்தக் கோடியில் இருந்த பக்கவாட்டுக் கதவைத் திறந்து அலுவலக அறைக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து ஒழுகுகிற இடத்தில் வைத்தார். அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ் உண்டு. சுடுகிற நேரத்தில் அது போட்டிருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம், கதவிலேயே சிவப்பு எழுத்தில் எழுதி வைத்ததும் அவர்தான். வாளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் தாழைப் போடவில்லை.

ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கேக் கடைக்காரி மற்ற எல்லோரையும் தாண்டிப் போய்விட்டாள். பக்கத்தில் நின்று சுட்ட பல் டாக்டர், அவள் அட்டை வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டார். பின்னால் பெஞ்சில் தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சிக்னல் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நின்றாலும், மனைவியின் அட்டையைப் பார்க்கும்போது அவர் விசிலை விரலால் சுழற்றுவதை அவள் கவனித்துவிட்டாள். அது அவருக்குச் சந்தோஷம் தாங்காதபோது வருகிற பழக்கம். சரி, காரியம் பழம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த குண்டைப் போட்டு லீவரை மூடித் துப்பாக்கியைத் தூக்கினாள். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள். விசையை அழுத்திப் பிடித்தாள்.

அப்போது கோடியில் கதவு திறந்தது.

கிளப் செயலாளர் வந்தார். ரொம்ப நல்ல மனுஷர், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அலுவலக அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு, சொட்டுகிற சத்தம் மாறிப்போனது கேட்டிருக்கிறது. வாளி நிறைந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். ஆட்டம் நடப்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டார். கையில் ஒரு காலி வாளியோடு கதவைத் தள்ளினார். தாழ் போடாத கதவு வழிவிட்டது. நேராகக் குறி அட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நிறுத்து! விரலை எடு!"

சிக்னலின் குரல் கூடத்தையே உலுக்கியது. குளியலறையில் பழகிய 'பிடி' எங்கே போனதோ தெரியவில்லை. பதறிய வாயில் வந்தது பழைய கட்டளைதான். எல்லோருடைய விரலும் சட்டென்று விசையை விட்டு விலகியது. துப்பாக்கிகள் மேஜையில் இறங்கின. பல் டாக்டர் பதற்றத்தில் பின்னால் எட்டு வைத்ததில் அவர் முழங்கை இடித்து, கேக் கடைக்காரியின் தாங்கி தரையில் விழுந்து உருண்டது. செயலாளரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர் அல்லவா. 'நிறுத்து' என்று காதில் விழுந்ததும் ஓட வேண்டிய அவர், வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிட்டார்.

அவள் விரலும் கேட்டது. அதைத்தான் அவளால் பிறகு எத்தனை நாளானாலும் மறக்க முடியவில்லை. மனசு ஒன்றும் சொல்வதற்கு முன்னால், இத்தனை வருஷம் அந்தக் குரலுக்குப் பழகிய விரல் தானாகவே தளரப் பார்த்தது. ஒரு மயிரிழை தளர்ந்தும்விட்டது. இன்னொரு மயிரிழை போயிருந்தால் வாளியாவது, முழங்காலாவது, முகமாவது. அவள் பல்லைக் கடித்து அந்த விரலை மறுபடி அழுத்தினாள். துப்பாக்கி முனையைச் செயலாளரை விட்டு விலக்கிக் கீழே சாய்த்தாள். கீழே சிமெண்டுத் தரை. அதில் பட்டுத் தெறித்தாலும் குண்டு அவர் பக்கம்தான் போகும். இறக்கி வைக்கத் தாங்கி இல்லை, மேஜையில் கிடத்தினால் முனை நேராக அவரைத்தான் பார்க்கும். இடது கை முழு கனத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்து லீவரைத் திறக்க முடியாது.

"விரலை எடு! விரலை எடுன்னு சொல்றேன்ல!" என்று சிக்னல் மறுபடி கத்தினார்.

"ஏங்க, கத்துனது போதும்" என்றாள். குரல் கடையில் சில்லறை கேட்கிற குரல்தான். "இது என் துப்பாக்கி. நான் பிடிச்சிருக்கேன். பக்கத்துல வந்து லீவரைத் திறங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் எதைக் கத்தினோம், யாரைப் பார்த்துக் கத்தினோம் என்று தெரிந்ததும் முகத்தில் இரத்தமே இல்லை. நாலே எட்டில் அவள் பக்கத்தில் வந்தார். அவசரத்தில் லீவர் முதலில் பிடிபடவில்லை. மெதுவாங்க, நான் எங்கயும் போகல, என்று அவள் சொன்னாள். ஆனால் அவள் விரல் நுனி வெளுத்து, முன்கை முழுக்க இழுத்துப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. லீவர் திறந்தது. அவர் குனிந்து பார்த்தார், மறுபடி பார்த்தார், இன்னொரு தரம் விரலால் தடவியும் பார்த்தார்.

"விடட்டுமா?" என்று கேட்டாள்.

"விடு" என்றார். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை.

'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கோடியிலிருந்து செயலாளர், இப்போது நகரலாமா என்று கேட்டார். பழைய வாளி நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது.

ஆட்டத்தை அதோடு நிறுத்திவிட்டு எல்லோரும் அலுவலக அறையில் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு மென்று விழுங்கி, அக்கா இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும் என்றார். அது நியாயமான பேச்சுத்தான். தம்பியும் தைரியம் விட்டுப்போய், நானே அந்த விசையைக் கழற்றிவிடுகிறேன் அக்கா என்றான். வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் சொன்ன குறை எல்லாம் ஒரே நிமிஷத்தில் கண்ணெதிரே நடந்தும் முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் தலையைக் குனியவில்லை.

"நடந்ததை நடக்கலன்னு நான் சொல்லல" என்றாள். "ஆனா நான் பிடிச்சேன். அதையும் சேர்த்து யோசிச்சு முடிவு பண்ணுங்க."

எல்லோரும் சிக்னலைப் பார்த்தார்கள். அவர் விசிலைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் மட்டும்தான் பார்த்தாள். அட, போயும் போயும் இந்த மனுஷரை அழ வைத்துவிட்டோமே என்று அவள் நினைத்தாள். துப்பாக்கி போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மறுகணமே, ஏன் போக வேண்டும் என்றும் தோன்றியது.

"கதவுக்குத் தாழ் போடாதது நான்" என்று அவர் ஆரம்பித்தார். "பிடின்னு சொல்ல வேண்டிய இடத்துல விரலை எடுன்னு கத்துனதும் நான். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அவ துப்பாக்கில கோளாறு இல்ல. கோளாறு என் வாயில."

செயலாளர் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். சிக்னல் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தார். இன்றைக்கு இந்தக் கூடத்தில் ஒரு உயிருக்கு ஒன்றும் ஆகாமல் போனது தன் மனைவி தன் பேச்சைக் கேட்காததால்தான் என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நல்லவேளையாக இவள் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டு ஒரு பொறுப்பாளர் வேலை பார்க்க முடியாது, இன்னும் எத்தனை வருஷம் பழகினாலும் பதறினால் தன் வாயில் பழைய சொல்தான் வரும், அது தனக்குத் தெரியும் என்றார்.

"அதனால ஒண்ணு அந்த டிரிக்கர் போகணும். இல்லன்னா நான் போகணும்."

தம்பி சட்டைப் பையிலிருந்த திருப்புளியை ஏற்கெனவே வெளியில் எடுத்துவிட்டான். கேக் கடைக்காரி மடியில் இருந்த துப்பாக்கியின் சிவப்பு நாடாவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சிக்னல் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். கயிறு காதில் சிக்கியது. அந்தக் கயிறு போன மாதம் அவள் மாற்றிக் கொடுத்தது. கழற்றியதைச் செயலாளரின் கையில் வைத்து, அவர் விரல்களை மூடினார்.

"இனிமே நீங்க சொல்லுங்க. உங்க வாய்க்குப் பழைய கட்டளை பழக்கமில்ல. அந்தக் கதவையும் உங்களைவிட நல்லா இனி யாரும் பார்த்துக்க மாட்டாங்க."

"அப்ப நீங்க?" என்று செயலாளர் கேட்டார்.

"எனக்கு அவ பக்கத்துல ஒரு இடம் போதும். லீவர் எட்டுற மாதிரி."

அந்த விசில் அவருக்கு என்ன என்று கேக் கடைக்காரியைவிட யாருக்குத் தெரியும்? கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரைச் சீண்டியிருக்கிறாள், மட்டம் தட்டியிருக்கிறாள். இப்படி ஒரு மனுஷரை வைத்துக்கொண்டா இத்தனை வாய் பேசினோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அதை நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்வாளா அவள்.

"கொஞ்சம் தள்ளியே நில்லுங்க" என்றாள். "மூச்சு மேல படக் கூடாது."

அதற்குப் பிறகு கிளப்பில் ஒரு சட்டம் வந்தது. ரிலீஸ் டிரிக்கர் வைத்துச் சுடுகிறவர் தனியாக நிற்கக் கூடாது, லீவர் திறக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். செயலாளருக்கு 'வாளி' என்ற பெயரும் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்குமுன் கதவின் தாழை இழுத்துப் பார்ப்பார், போய் நின்றுவிட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பார். அவர் "பிடி" என்று கத்துவதைக் கேட்க டயர் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

லீக் ஆட்டம் பக்கத்துக் கிளப்பின் கூடத்தில் நடந்தது. போன வருஷம் அவள் குண்டை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்ற அதே கூடம். ஒவ்வொரு குண்டுக்கும் சிக்னல் அவளுக்கு வலப்பக்கம், கையெட்டும் தூரத்தில் நின்றார். கழுத்து வெறுமையாக இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, எத்தனை கஷ்டப்பட்டாரோ பாவம். கடைசிக் குண்டுக்கு வந்தபோது இரண்டு கிளப்பும் சமமாக நின்றன. சரியாக அதே இடம். பின்னால் தம்பி கண்ணை மூடிக்கொண்டுவிட்டான்.

அவள் குண்டைப் போட்டாள். லீவரை மூடினாள். துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை வலப்பக்கம் பார்த்தாள். அவர் கண் லீவரின் மேலேயே இருந்தது. அவள் கன்னத்தைச் சாய்த்தாள், விசையை அழுத்திப் பிடித்தாள். குறி வந்து உட்கார்ந்தது. அடம் இல்லை, கெஞ்சல் இல்லை. மூச்சு இறங்கியது. விரலை விட்டாள்.

குண்டு போன இடம் அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. பின்னால் தம்பியின் கூச்சலும், செயலாளர் வாளியின் விசிலும் கேட்டன. அவள் லீவரைத் திறந்து துப்பாக்கியை இறக்கிவிட்டு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அட்டை கம்பியில் ஓடி வந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கை தொடைக்குப் பக்கத்தில், ரயிலின் கைப்பிடியைப் பிடித்திருப்பதுபோல இறுக மூடியிருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. ஆட்டம் முழுக்க, அவள் பிடித்த ஒவ்வொரு குண்டுக்கும் அவரும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அவள் அந்தக் கையைத் தன் கையால் மெல்லத் தொட்டாள்.

"குண்டு போயிடுச்சுங்க" என்றாள். "விரலை எடுங்க."